ஏழு ஷில்லிங் சாப்பாடு

எங்கள் வீட்டில் ஒரு சொல் வழக்கு உண்டு. வேறு யார் வீட்டிலும் அதை நீங்கள் கேட்டிருக்க முடியாது. அவசியமில்லாத செலவு எதுவானாலும் என் தகப்பனார் அதற்கு "ஏழு ஷில்லிங் சாப்பாடு" என்று பெயர் வைத்துவிடுவார். அம்மா தீபாவளிக்கு இரண்டாவது புடவை கேட்டால் அது ஏழு ஷில்லிங் சாப்பாடு. நான் பவுண்டன் பேனா கேட்டால் அதுவும் ஏழு ஷில்லிங் சாப்பாடு. பிற்பாடு நான் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். போவதற்கு ஒரு தபால் தலை, கதை பத்திரமாகத் திரும்பி வருவதற்கு ஒரு தபால் தலை என்று நான் செய்த செலவெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது.

இந்தச் சொல் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் கதர் கட்டியவர். மகாத்மாவின் 'சத்திய சோதனை'யை அவர் தாம் மட்டும் படித்துத் திருப்தியடையவில்லை. தினம் ராத்திரி சாப்பாடானதும் எங்களை உட்கார வைத்துச் சில பக்கங்கள் உரக்கப் படிப்பார். அதில் பாரிஸ் பொருட்காட்சியைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. லண்டனில் பாரிஸ்டர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தி, பாரிஸைப் பார்க்கப் போய் ஒரு வாரம் தங்கினார். சைவச் சாப்பாட்டு விடுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஊரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே சுற்றினார். அப்போது புத்தம் புதிதாக எழுந்திருந்த ஈபெல் கோபுரத்தின் மேல் இரண்டு மூன்று தடவை ஏறினார். அதன் முதல் தட்டில் போஜன வசதி இருந்தது. அத்தனை உயரத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே ஏழு ஷில்லிங்கைக் கொடுத்து அங்கே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அதை எழுத உட்கார்ந்தபோது, அந்தப் பணம் வீண் என்பதை ஒளிக்காமல் எழுதிவிட்டார்.

இந்த இடம் வந்ததும் என் தகப்பனார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் நான் மட்டும் சும்மா இராமல், "அப்பா, ஒரு தடவை ஏறிப் பார்த்தது போதாதா? எதற்காக இரண்டு மூன்று தடவை ஏறினார்?" என்று கேட்டுவிட்டேன்.

"பெரியவர்கள் விஷயத்தில் விதண்டாவாதம் செய்யாதே. போய்ப் படு!" என்றார் அப்பா.

நானும் போய்ப் படுத்துக்கொண்டேன். ஆனால் கேள்வி படுத்துக்கொள்ளவில்லை. 2018-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், தலை நன்றாக நரைத்த பிறகு, அந்தக் கோபுரத்தின் அடியில் போய் நின்றபோதும் அது என்னோடுதான் இருந்தது.

அழைத்துக்கொண்டு போனவன் என் மனைவியின் அண்ணன் மகன். பாரிஸில் இன்ஜினீயராக உத்தியோகம் பார்க்கிறான். கோபுரத்தைச் சுற்றிலும் அந்த வருஷம்தான் கண்ணாடிச் சுவர் எழுப்பிக் காவல் போட்டிருந்தார்கள். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். தூரத்திலிருந்து ஊசி மாதிரி தெரிந்த கோபுரம், அடியில் போனதும் இரும்பாலான ஒரு காடாகிவிட்டது. ஏறுமுகமாக, இறங்குமுகமாக, குறுக்கே, நெடுக்கே எங்கே பார்த்தாலும் சட்டங்கள். அவற்றுக்கு நடுவே ஆகாயம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"இரண்டாம் தட்டு வரைக்கும் 674 படிதான், மாமா. ஏறிவிடலாமா?" என்றான் பையன்.

"உன் மாமாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பேசாமல் லிப்டில் அழைத்துக்கொண்டு போ" என்றாள் என் மனைவி. அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு லிப்டுக்கான வரிசையில் நின்றேன். வரிசை நீளம். அந்த ஒரு மணி நேரத்தில் பையன் கோபுரத்தின் கதையில் பாதியைச் சொன்னான். மீதியை ஊருக்குத் திரும்பிய பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டையும் சேர்த்து நேயர்களுக்குச் சொல்கிறேன்.

பிரெஞ்சுப் புரட்சி நடந்தது 1789-இல். அதன் நூறாவது ஆண்டைக் கொண்டாட 1889-இல் பாரிஸில் ஓர் உலகப் பொருட்காட்சி நடத்தத் தீர்மானித்தார்கள். (மகாத்மா தம் சுயசரிதையில் 1890 என்று எழுதியிருக்கிறார். அத்தனை வருஷம் கழித்து எழுதும்போது ஒரு வருஷம் முன்னே பின்னே போவது பெரிதல்ல.) காட்சியின் வாசலில் 300 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புக் கோபுரம் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம் அமெரிக்காவில் இருந்த வாஷிங்டன் ஞாபகார்த்தத் தூண். அதன் உயரமே 169 மீட்டர்தான்.

ஈபெல் கோபுரத்தை முதன் முதலில் மனத்தில் கண்டவர் ஈபெல் அல்ல. அவருடைய கம்பெனியில் வேலை பார்த்த மாரிஸ் கெக்லின், எமில் நூகியே என்ற இரண்டு இன்ஜினீயர்கள் 1884-இல் அதற்கு முதல் படம் போட்டார்கள். முதலாளி அதை அவ்வளவாக மதிக்கவில்லை. பிறகு ஸ்டீபன் சோவெஸ்தர் என்ற கட்டடக் கலைஞர் அடியில் பெரிய வளைவுகளை அமைத்துப் படத்துக்கு ஒரு களை கொடுத்தார். அதற்கப்புறம்தான் குஸ்தாவ் ஈபெலுக்கு ஆசை பிடித்தது. பிடித்த ஆசை பிறகு விடவே இல்லை. 1887 ஜனவரியில் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி சர்க்கார் கொடுத்தது 15 லட்சம் பிராங்க். செலவோ அதைப் போல் நாலு மடங்குக்கு மேல். மீதியை அவரே திரட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, கோபுரத்தைக் காட்டிச் சம்பாதிக்க அவருக்கு 20 வருஷம் அனுமதி. கெடு முடிந்ததும் கோபுரம் நகரசபையின் சொத்து. வேண்டாமென்றால் நகரசபை அதைப் பிரித்துப் போட்டுவிடலாம்.

அதாவது பிறக்கும்போதே ஆயுள் 20 வருஷம் என்று ஜாதகம் எழுதப்பட்ட கோபுரம் அது!

அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். 1887 பிப்ரவரி 14-ஆம் தேதி பாரிஸ் பத்திரிகை ஒன்றில் ஒரு கண்டனக் கடிதம் வெளியாயிற்று. கையெழுத்துப் போட்டவர்கள் சாமானியர்கள் அல்ல. பாரிஸின் ஆபெரா மண்டபத்தைக் கட்டிய சார்லஸ் கார்னியே, சங்கீத மேதை கூனோ, கதை எழுதுவதில் ஒப்பற்ற மாப்பசான் எல்லாரும் அதில் இருந்தார்கள். பிரயோஜனமும் இல்லை, அழகும் இல்லை என்பது அவர்கள் கட்சி. ஈபெல் பதில் சொன்னார். காற்றின் பலத்தைக் கணக்கிட்டு, அதற்கு ஈடு கொடுக்கிற மாதிரி வளைத்த வளைவுகளில் அழகு எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டார்.

மாப்பசான் கடைசி வரை சமாதானம் ஆகவில்லை. பாரிஸை விட்டே போகிறேன், அதற்கு அந்தக் கோபுரம்தான் காரணம் என்று எழுதினார். ஆனாலும், கோபுரத்தில் இருந்த விடுதிக்கு அவர் அடிக்கடி சாப்பிடப் போனார் என்றும், காரணம் கேட்டவர்களிடம், பாரிஸில் இந்தச் சனியன் கண்ணில் படாத இடம் இது ஒன்றுதான் என்று சொன்னார் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. மாப்பசான் எழுதாத மாப்பசான் கதை அது. நிஜமோ பொய்யோ, அந்தக் கோபுரத்தில் சாப்பிட்டதாகப் பேசப்படுகிற இரண்டு பெரியவர்களில் ஒருவருக்கும் கோபுரத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

வேலை நடந்த விதம் வேறு ஓர் அதிசயம். மொத்தம் 18,038 இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம் போட்டு, எங்கே துளை வேண்டும் என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்த்துத் தொழிற்சாலையிலேயே தயார் செய்தார்கள். கோபுரத்தடியில் வேலை, அவற்றைப் பொருத்துவதுதான். பொருத்துவதற்கு 25 லட்சம் ரிவெட் ஆணிகள். ஓர் ஆணி அடிக்க நாலு பேர்: காய்ச்சித் தர ஒருவன், பிடிக்க ஒருவன், தலையை வடிக்க ஒருவன், சம்மட்டி போட ஒருவன். நாலு கால்களும் சாய்வாகத் தனித்தனியே மேலே வந்து முதல் தட்டில் ஒன்று சேர வேண்டும். அங்கே ஓர் அங்குலம் பிசகினாலும் மேலே கட்டுவது நிற்காது. அதற்காகத் தாங்கு மரங்களின் அடியில் மணல் நிரப்பிய பெட்டிகளை வைத்திருந்தார்கள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால் கால் மெள்ள இறங்கும். கால்களின் அடியில் இருந்த நீர்விசை ஜாக்கிகளை அழுத்தினால் ஏறும். அத்தனை டன் இரும்பை மணலை வைத்துச் சரிக்கட்டினார்கள் என்று பையன் சொன்னபோது, என் மனைவி அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டு, "நின்றுகொண்டிருக்கிறது அல்லவா? அது போதும்" என்றாள்.

1889 மார்ச் 31-ஆம் தேதி, வேலை தொடங்கி 2 வருஷம் 2 மாதம் 5 நாளில், ஈபெல் உச்சிக்கு ஏறிப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். லிப்ட் அப்போது தயாராகவில்லை. 56 வயது மனிதர் படி ஏறித்தான் போனார். பொருட்காட்சி முடிவதற்குள் சுமார் 20 லட்சம் பேர் கோபுரத்தில் ஏறினார்கள். முதல் தட்டுக்கு 2 பிராங்க், இரண்டாவதற்கு 3, உச்சிக்கு 5. போட்ட பணத்தில் பெரும் பகுதி அந்த வருஷமே திரும்பிவிட்டது.

அவ்வளவு ஜனங்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? லிப்ட் எங்களை இரண்டாம் தட்டில் கொண்டுபோய் விட்டபோது இது எனக்கு விளங்கிற்று. தரையிலிருந்து 115 மீட்டர். கீழே ஸேன் நதி வெள்ளிச் சரிகை மாதிரி வளைந்து போகிறது. பாலங்கள் அதன் மேல் வரிசையாகக் கிடக்கின்றன. தூரத்தில் நோத்ர தாம் மாதா கோவிலின் இரட்டைக் கோபுரம். வடக்கே குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று இன்னொரு கோவில். நமக்கு ஆகாய விமானம் பழகிப்போன விஷயம். ஆனால் 1889-இல் ஆகாய விமானம் ஏது? பலூனில் போன சிலரைத் தவிர, தன் ஊரைத் தன் தலைக்கு மேலிருந்து யாரும் பார்த்ததில்லை. கடைக்காரனும் குமாஸ்தாவும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தங்கள் தெருவை மேலேயிருந்து பார்த்து, "அதோ நம் வீடு!" என்று கத்தியிருப்பார்கள். எனக்கு அந்த ஊரில் வீடு இல்லை. ஆனாலும் நாங்கள் தங்கியிருந்த தெரு எங்கே இருக்கிறது என்று நானும் கால் மணி நேரம் தேடினேன்.

பொருட்காட்சி முடிந்தது. கூட்டம் குறைந்தது. 1900-இல் மறுபடியும் ஒரு பொருட்காட்சி வந்தபோது ஏறியவர்கள் சுமார் 10 லட்சம் பேர்தான். விளையாட்டுப் பொம்மையின் புதுமை போய்விட்டது. கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் ஈபெலின் தலையில் வேறோர் இடி விழுந்திருந்தது. பனாமாக் கால்வாய்க்கு நீர்க்கதவுகள் கட்டிக் கொடுக்க அவர் ஒப்புக்கொண்டிருந்தார். கால்வாய்க் கம்பெனி 1889-இல் திவாலாயிற்று. ஏராளமான ஜனங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. நடந்த வழக்கில் 1893-இல் ஈபெலுக்கு 2 வருஷச் சிறைத் தண்டனையும் 20,000 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். அந்த வருஷமே மேல் கோர்ட்டு தண்டனையை ரத்துச் செய்துவிட்டது. ஆனால் மனிதர் அதற்குள் தொழிலிலிருந்து விலகிவிட்டார். வயது 60. பாலங்களும் கம்பெனியும் போன பிறகு அவருக்கு மிஞ்சியது கோபுரம் ஒன்றுதான். அதற்கும் எமன் நாள் குறித்திருந்தான்.

தம் பிள்ளைக்கு ஓர் உத்தியோகம் தேடித் தர அலையும் தகப்பனைப் போல அவர் அலைந்தார். உச்சியில் வானிலை பார்க்க இடம் கொடுத்தார். இரண்டாம் தட்டிலிருந்து பொருள்களைக் கீழே விழவிட்டு, காற்று எவ்வளவு தடுக்கிறது என்று தாமே அளந்தார். 1909-இல் கோபுரத்தடியில் காற்றுச் சுரங்கம் ஒன்று அமைத்து, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த ஆகாய விமானத்துக்காகச் சோதனைகள் செய்தார். இவையெல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒரு கோபுரத்தைக் காப்பாற்ற இவை போதுமா?

காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி. 1898 நவம்பரில் கோபுரத்து உச்சிக்கும் 4 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பாந்தியோன் மண்டபத்துக்கும் இடையே யூஜீன் துக்ரெதே என்பவர் கம்பியில்லாமல் செய்தி அனுப்பிக் காட்டியிருந்தார். குஸ்தாவ் ஃபெரியே என்ற ராணுவ அதிகாரி அந்த முறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தேவை உயரம். ஈபெலிடம் இருந்ததும் அதுதான். 1903-இல் கோபுரத்தை அவருக்குத் திறந்துவிட்டுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார் ஈபெல். சில வருஷங்களில் ராணுவத்துக்குக் கோபுரம் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. 1910 ஜனவரி முதல் தேதியிலிருந்து இன்னும் 70 வருஷத்துக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. அந்த வருஷமே கோபுரம் நடுக்கடலில் இருந்த கப்பல்களுக்கு மணி சொல்ல ஆரம்பித்தது. 1914-இல் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கி வந்தபோது, எதிரிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளைப் பிடித்துக் கொடுத்ததும் அதே கோபுரம்தான்.

அதற்குப் பிறகும் அதன் உயிரைப் பற்றிய சந்தேகம் ஜனங்களுக்கு முழுக்கத் தீரவில்லை. 1925-இல் விக்டர் லுஸ்டிக் என்ற பலே மோசக்காரன், சர்க்கார் கோபுரத்தைப் பழைய இரும்பாக விற்கப் போகிறது என்று சொல்லி ஒரு வியாபாரியிடம் பணம் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். நம்பின வியாபாரியைக் குறை சொல்வதற்கில்லை. கோபுரத்துக்காகவே வாழ்ந்த மனிதர் 1923-இல், 91-ஆம் வயதில், காலமாகியிருந்தார்.

1940-இல் ஜெர்மானியர் நகரைப் பிடித்தபோது லிப்டின் கயிறுகள் அறுக்கப்பட்டிருந்தன. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த ஹிட்லர் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி, ஏறவில்லை. கோபுரத்துக் கொடியை இறக்கும் துர்ப்பாக்கியம் தீயணைப்புப் படையைச் சேர்ந்த லூசியன் சார்னிகே என்பவருக்கு வாய்த்திருந்தது. 1944 ஆகஸ்டு 25-ஆம் தேதி, தெருக்களில் சண்டை ஓயாதபோதே, அதே மனிதர் படிப்படியாக ஏறிப் போய் மறுபடியும் கொடியைக் கட்டினார். அன்றைக்கு அந்தக் கொடியினால் என்ன பிரயோஜனம் என்று பாரிஸில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

'பிரயோஜனம்' என்ற சொல் வந்துவிட்டது. என் தகப்பனாருக்கு மிகவும் பிடித்த சொல் அது. என் முதல் கதை அச்சில் வந்தபோது அதை முழுவதும் படித்துவிட்டு, "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டே கதை எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அந்த உத்தியோகம்தான் எனக்கு வாய்த்த கம்பியில்லாத் தந்தி. அது இல்லாவிட்டால் என் கதைகளை என் தகப்பனார் 20 வருஷம்கூடப் பொறுத்திருக்க மாட்டார்.

ஆனால் அன்றைக்கு இரண்டாம் தட்டில் என்னைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர்கூடக் கம்பியில்லாத் தந்தியைப் பார்க்க வந்தவர் அல்ல. உத்தியோகம் கோபுரத்தைப் பிரித்துப் போடாமல் காத்தது, அவ்வளவுதான். ஜனங்கள் வந்தது விளையாட.

கீழே இறங்கும் வழியில் முதல் தட்டில் நின்றோம். 57 மீட்டர் உயரம். அங்கே ஓரிடத்தில் தரையைக் கண்ணாடியால் போட்டிருக்கிறார்கள். மாடிப்படிக்காக எனக்குப் பரிந்து பேசிய என் மனைவி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடி மேல் ஓரடி வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தாள். கடைசியில் நடுவில் போய் நின்று காலடியில் ஊர்ந்த மனிதர்களைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை நான் ரொம்ப வருஷமாகப் பார்த்ததில்லை. போனவள் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். மூன்றாம் முறையும் போனாள்.

என் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மகாத்மா அந்தக் கோபுரத்தை மெச்சவில்லை என்பது உண்மைதான். அதில் கலை ஒன்றும் இல்லை என்றார். அது மனிதனின் அறியாமைக்கு நாட்டிய சின்னம் என்று டால்ஸ்டாய் கருதியதையும் எடுத்துச் சொன்னார். ஆனால் ஊருக்குத் திரும்பி அந்தப் பகுதியை மறுபடி புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பொருட்காட்சியின் விளையாட்டுப் பொம்மை அது. நாம் எல்லாரும் குழந்தைகள்தான் என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. அதுவே அதன் பிரயோஜனமாகவும் இருக்கலாம் என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார். 'நாம் எல்லாரும்' என்பதில் தம்மையும் சேர்த்துக்கொண்டுதான். என் தகப்பனார் இதையும் எங்களுக்குப் படித்துத்தான் காட்டியிருப்பார். அவர் காதில் ஏழு ஷில்லிங் மட்டும் விழுந்தது. என் காதில் இரண்டு மூன்று தடவை ஏறினது மட்டும் விழுந்தது. எழுதியவரோ இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

முதல் தட்டில் இருந்த கடையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காப்பியும் வாங்கினேன்.

"கீழே தெருமுனையில் இதே ரொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும், மாமா" என்றான் பையன்.

"தெரியும்" என்றேன்.

அவன் பணம் கொடுக்க வந்ததையும் தடுத்துவிட்டு நானே கொடுத்தேன். ரொட்டி சற்றுக் காய்ந்திருந்தது. காற்று விர்ரென்று அடித்தது. மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

2022-இல் கோபுரத்தின் உச்சியில் வானொலிக்காகப் புதிதாக ஓர் ஆன்டெனா வைத்தார்கள் என்றும், 324 மீட்டராக இருந்த உயரம் 330 ஆகிவிட்டது என்றும் பத்திரிகையில் படித்தேன். உத்தியோகம் இன்னும் நடக்கிறது. சந்தோஷம்.

என் தகப்பனாரைப் போல நானும் தினக் கணக்கு எழுதுகிறவன். அன்று இரவு அறைக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, லிப்டுக்கு இவ்வளவு, ரயிலுக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதினேன். ரொட்டியும் காப்பியும் வந்த இடத்தில் தொகையைப் போட்டு, அதற்கு நேரே 'ஏழு ஷில்லிங் சாப்பாடு' என்று எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்தேன்.